துபாய் கூபேயை எண்ணூரில் இறக்க முடியுமா?

கேள்வி

எண்ணூர் துறைமுகத்தில் காண்ட்ராக்ட் டிரைவராக இருக்கிறேன். ஏற்றுமதிக்கு வந்து யார்டில் நிற்கும் புதுக் கார்களை ரோரோ கப்பலுக்குள் ஓட்டிப் போய் நிறுத்துவதுதான் வேலை. பெல்ட் பக்கிள் வெளியே தெரியக் கூடாது. வாட்ச், மோதிரம் கூடாது. பக்கத்துக் காருக்கும் நமக்கும் நடுவே ஒரு ஆள் உடம்பைச் சாய்த்து இறங்குகிற இடம்தான் இருக்கும். நிறுத்தியதும் லாஷிங் பசங்க சக்கரத்துக்கு பெல்ட் போட்டு இறுக்குவார்கள். நாங்கள் வேன் ஏறித் திரும்பி வந்து அடுத்த காரை எடுப்போம். கணக்கில்லாமல் கார் ஓட்டியாச்சு, ஒன்றைக்கூட மூணாவது கியரில் போட்டதில்லை!

வீட்டில் நிற்பது ஒரு பழைய புல்லட், எங்க திருவொற்றியூர் ஃபேக்டரியில் செய்தது. கார் வாங்கினால் கூபேதான் வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஜெர்மன் கூபே எல்லாம் நமக்கு எட்டாது. ஹூண்டாய் வெலோஸ்டர் மாதிரி, டிபுரான் மாதிரி, கொரியாக்காரன் நடுத்தர ஆளுக்காகச் செய்த கூபே பிடிக்கும். துபாயில் இருக்கும் மச்சான், அங்கே பழைய வெலோஸ்டர் ஆறேழு லட்சத்துக்கே கிடைக்கும், கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்கிறான். அதை எங்கள் எண்ணூரிலேயே இறக்கிவிடலாமா?

தண்டையார்பேட்டையில் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரி ஒருவர், பழைய அக்சென்ட் வாங்கி வா, பின் கதவை அடைத்து முன் கதவை நீட்டி கூபே ஆக்கித் தருகிறேன் என்கிறார். அது நடக்கிற காரியமா?

இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கமே அத்தனை கார் செய்கிற கம்பெனி, ஒரு கூபேயை நமக்கு ஏன் விற்கவில்லை? மொத்தம் 12 லட்சம் வரை புரட்ட முடியும். வீட்டில் மனைவி, நாலு வயது மகள், முழங்கால் வலியோடு அம்மா. வழி சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், விம்கோ நகர், திருவொற்றியூர்

பதில்

துபாய் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள் தம்பி. மச்சானுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அட்வான்ஸ் கிட்வான்ஸ் கொடுத்துவைக்கப் போகிறார்.

முதல் தடை ஸ்டீயரிங். துபாயில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, அதனால் அங்கே விற்கும் கார்களுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். இங்கே இறக்குமதியாகும் பழைய காருக்கு ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்தே ஆக வேண்டும். இரண்டாவது தடை வயது. தயாரித்த தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் இருக்கும் பழைய காரைத்தான் உள்ளே விடுவார்கள். வெலோஸ்டர் தயாரிப்பு 2022-லேயே முடிந்துபோனது. ஆக, அந்த விதிக்கு உட்படும் வெலோஸ்டர் இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை.

உங்களுக்கு எரிச்சல் தரப்போவது மூன்றாவது தடைதான். புதுக் காரை இறக்க அனுமதியுள்ள துறைமுகங்களின் பட்டியலில் சென்னையும் உண்டு, எண்ணூரும் உண்டு. பழைய கார் என்றால் மும்பை வழியாக மட்டும்தான் வர முடியும். தினம் நூற்றுக்கணக்கில் கார் ஏறும் எண்ணூரில் உங்கள் ஒரு பழைய கார் இறங்க வழியில்லை. இந்த மூன்றையும் தாண்டி வந்தாலும் சுங்க வரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று கூட்டினால் காரின் விலையை வரி விழுங்கிவிடும். ஆறேழு லட்சம் என்று மச்சான் சொன்ன கணக்கு அங்கேயே கிழிந்துவிடுகிறது.

‘ஈ.சி.ஆரில் துபாய் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் போனதே’ என்று யாராவது சொல்லக்கூடும். அது கார்னெட் என்ற தற்காலிக அனுமதியில் வந்த வண்டி. ஆறு மாதத்தில் திரும்பிப் போக வேண்டும், இங்கே விற்கவும் கூடாது. அந்த அனுமதிக் காரை உங்களிடம் ‘பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்’ என்று சொல்லி விற்க வருபவரைப் பார்த்தால் எதிர்த் திசையில் நடையைக் கட்டுங்கள்.

அடுத்து டிங்கரிங் மேஸ்திரி. அவருடைய கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. வட சென்னைப் பட்டறைகளில் நசுங்கிய லாரி கேபினையே புதுசு மாதிரி எடுத்துக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். அக்சென்ட்டின் முன் கதவைத் திறந்து, அது முடிகிற இடத்தில் நிற்கும் தூணைப் பாருங்கள். முன்சீட் பெல்ட் தொங்குவது அந்தத் தூணில்தான். பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் அடியைத் தாங்குவதும் அதுதான். கதவை நீட்ட வேண்டுமானால் அந்தத் தூணை அறுத்துப் பின்னால் தள்ள வேண்டும். நீண்ட கதவின் எடைக்கு வேறு கீல் வேண்டும், கீலைத் தாங்க முன்பக்கத் தூணுக்குள் வேறு தகடு வேண்டும். கார் கம்பெனி இதையெல்லாம் பல கார்களைச் சுவரில் மோதவிட்டுத்தான் முடிவு செய்கிறது. வெல்டிங் ராடும் பட்டியும் வைத்துச் செய்தால் பார்வைக்கு கூபே மாதிரி இருக்கும். கண்டெய்னர் டிரெய்லர் ஒன்று பக்கத்தில் உரசினால் என்ன ஆகும் என்பது, மணலி ரோட்டில் போய்வரும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்டமும் இடம் தராது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் ஒன்று, நேரில் வேறொன்று என்றால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார்.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் உங்கள் 12 லட்சத்தை எங்கே போடுவது என்பதற்கான விடை இதற்குள்தான் இருக்கிறது.

ஹூண்டாய்க்கு கூபே ஆசை பிறவியிலேயே வந்தது. 1974-இல் இத்தாலியின் டூரின் கண்காட்சியில் அது வைத்த இரண்டு மாதிரிகளில் ஒன்று போனி என்கிற சாதாரணக் கார், மற்றொன்று போனி கூபே. இரண்டையும் வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜுஜியாரோ. மறு வருடம் சாதா போனி உற்பத்திக்குப் போனது. கூபே கண்காட்சி மேடையோடு நின்றது. ஆசைக்குக் கூபே, வயிற்றுப்பாட்டுக்கு சாதா கார் என்கிற இந்தக் கணக்கு அன்றைக்கே போட்டதுதான்.

பிறகு வந்த கொரியக் கூபேக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த ஸ்கூப், எக்ஸெல் என்ற சின்னக் காரின் மேல் கட்டியது. 1996-இல் வந்த டிபுரானுக்கு அடியில் இருந்தது எலாண்ட்ரா. 2001 கடைசியில் வந்து 2008 வரை ஓடிய இரண்டாவது டிபுரானுக்கும் அதுவேதான், அடுத்த தலைமுறை எலாண்ட்ரா. 2011-இல் வந்த வெலோஸ்டருக்கு எஞ்சின் கொடுத்தது காமா என்ற 1.6 லிட்டர் குடும்பம், வெர்னாவுக்குள் இருந்த அதே குடும்பம். விதிவிலக்கு என்றால் ஜெனிசிஸ் கூபே ஒன்றைச் சொல்லலாம். அதற்குப் பின்சக்கர இயக்கம், வேறு அடித்தளம், விலையும் ஒரு படி மேலே. மற்றதெல்லாம் மாப்பிள்ளை கோட்டு போட்ட சாதா கார்தான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடுத்தர ஆளுக்கு எட்டுகிற விலையில் கூபே வந்ததே அதனால்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் லட்சக்கணக்கில் விற்கும் காரிலிருந்து வந்துவிட்டால், புதிதாகச் செலவு செய்ய வேண்டியது மேல்கூட்டுக்கு மட்டும்.

அந்தக் கோட்டுக்குள் இருந்த ஆள் நம் ஊருக்கு வராமல் இல்லை. 1991-இல் ஹூண்டாய் தானே வடிவமைத்த முதல் எஞ்சினான ஆல்ஃபாவை ஏற்றியது ஸ்கூப்பில். அதற்கு முன் மிட்சுபிஷியிடம் வாங்கித்தான் காலம் தள்ளியது. அதே ஆல்ஃபா குடும்பத்து 1.5 லிட்டர் எஞ்சினோடு 1999-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளியே வந்தது அக்சென்ட், உங்கள் மேஸ்திரி அறுக்கப் பார்க்கிற அதே அக்சென்ட். 2004-இல் இங்கே விற்பனைக்கு வந்த எலாண்ட்ராவும் அப்போது வெளிநாட்டில் ஓடிய டிபுரானும் ஒரே அடித்தளம். எலாண்ட்ராவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டிபுரானில் இருந்த பீட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. 2011-இல் வந்த ஃப்ளூயிடிக் வெர்னாவில் காமா. டாக்சி ஸ்டாண்டிலும் கல்யாண மண்டப வாசலிலும் நின்ற அந்த செடான்களைக் கூபேயின் உறவுக்காரன் என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படியானால் அந்தக் கூபே மேல்கூட்டை மட்டும் ஏன் இங்கே கொண்டுவரவில்லை? மக்களுக்கு ரசனை இல்லை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மஹிந்திரா தார் 2020-இல் மறுபடி வந்தபோது அதற்கு இருந்தது பக்கத்துக்கு ஒரே கதவு. பின்சீட்டில் ஏற சர்க்கஸ் செய்ய வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். உயரமான, முரட்டு வண்டி என்றால் இரண்டு கதவை நம் ஆட்கள் மன்னிக்கிறார்கள். தாழ்வாக, ஒல்லியாக இருந்தால் மட்டும் ‘இந்தக் காசுக்கு இரண்டு கதவுதானா’ என்ற கணக்கு வந்துவிடுகிறது.

இது இன்று நேற்று வந்த கணக்கும் இல்லை. 1961-இல் சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. மிக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த, பார்க்கப் பார்க்க அழகான கார். பிரிட்டனில் அதன் மூலவடிவத்துக்கு கூபே வகையும் இருந்தது. இங்கே என்ன நடந்தது? அறுபதுகளின் கடைசியில் அதற்கு நான்கு கதவு வைத்துவிட்டார்கள். நான்கு கதவு ஹெரால்ட் உலகத்தில் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. உங்கள் மேஸ்திரி செய்ய நினைப்பதற்கு நேர் எதிரான வேலையை ஒரு கார் கம்பெனியே சென்னையில் செய்திருக்கிறது!

ஆனால் இப்போதைய பெரிய காரணம் வரியின் அளவுகோல். 2006 மத்திய பட்ஜெட்டில் சின்னக் கார் என்று ஒரு வகையைப் பிரித்து வரியைக் குறைத்தார்கள். நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் எஞ்சின் 1200 சி.சி.க்குள் என்பது இலக்கணம். அதற்குப் பின் இந்தியாவில் கார் வரைகிற எவரும் முதலில் அந்த நான்கு மீட்டர் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் மற்றதை வரைகிறார்கள். டிக்கியை வெட்டிய குட்டி செடான்கள் நம் ரோட்டில் இத்தனை ஓடுவது அதனால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40 சதவீதம். வெலோஸ்டரின் நீளம் 4.22 மீட்டர், எஞ்சின் 1.6 லிட்டர். இரண்டிலும் கோட்டைத் தாண்டியது. கூபே என்றாலே நீண்ட மூக்கு, பின்னால் சரிகிற கூரை. அந்தச் சரிவுக்கு நீளம் வேண்டும். நான்கு மீட்டருக்குள் அடக்கினால் பின்சீட்டில் உட்காருபவரின் தலை கூரையில் இடிக்கும், அடக்காவிட்டால் வரி இடிக்கும். வருடத்துக்குச் சில நூறு பேர் வாங்கும் மேல்கூட்டுக்கு, வலது கை ஸ்டீயரிங் வைத்து, இங்கே சோதனை முடித்து, 40 சதவீத வரியோடு விற்க எந்தக் கம்பெனி நிர்வாகம் கையெழுத்துப் போடும்? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் போட மாட்டேன்.

ஐரோப்பாவில் 2015-இல் ஐ20 கூபே என்று மூன்று கதவு வகை ஒன்றை விற்றார்கள். அது துருக்கி ஆலையில் செய்தது. அதே தலைமுறை ஐ20-க்கு நம் இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து கதவுதான். அந்த கூபேயின் பெயரில் உருவாக்கிய ரேலி காரைக் கொண்டுதான் 2019, 2020 இரண்டு வருடமும் உலக ரேலியில் தயாரிப்பாளர் பட்டத்தை ஹூண்டாய் வென்றது. இதைச் சொல்வது உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்ப அல்ல, அடுத்துச் சொல்லப்போகிற காரின் பெயரும் ஐ20 என்பதால்.

ஐ20 என் லைன். உங்கள் பட்ஜெட்டுக்கும் ஆசைக்கும் நான் கைகாட்டுவது இதைத்தான். 2021-இல் வந்தது, 2023 செப்டம்பரில் முகம் மாற்றினார்கள். 998 சி.சி. டர்போ பெட்ரோல், 120 பி.எஸ். சக்தி, 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நீளம் 3.995 மீட்டர், கோட்டுக்குள் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம்! சாதா ஐ20-க்குப் பின்னால் டிரம் பிரேக், இதற்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க். சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் கொஞ்சம் இறுக்கம், சைலென்சருக்கு இரட்டைக் குழாய், சத்தம் அளவாகக் கனமாக வரும். ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விற்கும் கதை இதில் இல்லை. கூபேயில் உங்களுக்குப் பிடித்தது எது என்று யோசித்துப் பாருங்கள். கையில் கிடைக்கும் ஸ்டீயரிங் பிடிப்பு, மூன்றாவது கியரில் முதுகைத் தள்ளும் இழுவை என்றால் அது இங்கே இருக்கிறது. கதவின் எண்ணிக்கைதான் என்றால் இல்லை. அம்மாவின் முழங்கால் பின் கதவுக்கு ஓட்டுப் போடும்.

விலையில் ஒரு நுணுக்கம். 2023-இல் ஆரம்ப வகையை 9.99 லட்சத்துக்கு வைத்தார்கள். அந்த ஒற்றை ஆயிரம் ரூபாய் இடைவெளி காரணமில்லாமல் வைத்ததில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை சாலை வரி 13 சதவீதம், 10-க்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 10 லட்சத்தைச் சின்னதாகத் தாண்டும் மேல் வகை ஒன்றை வாங்கினால் கூடுதல் வசதிகளுக்குக் கொடுக்கிற காசோடு சாலை வரியிலும் ஐம்பதாயிரத்துக்கு மேல் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஷோரூமில் இன்றைய விலையைக் கேட்கும்போது ஆன்ரோடு விலையை வகைவாரியாக எழுதி வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் மேனுவல் வாங்குங்கள். இதில் ஏழு கியர் டி.சி.டி. ஆட்டோமேட்டிக்கும் உண்டு, காலி ரோட்டில் அது சுகம்தான். ஆனால் உங்கள் தினசரிப் பாதை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுக கேட் முன்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் கார் அடி அடியாக ஊரும். இந்த டி.சி.டி. உலர் கிளட்ச் வகை, உள்ளே எண்ணெய்க் குளியல் கிடையாது. அரை கிளட்சில் ஊர ஊரச் சூடாகிறது. மேனுவலில் கால் வலிக்கும், அவ்வளவுதான். கிளட்ச் தேய்ந்தாலும் மாற்றும் செலவு குறைவு. பழைய என் லைன் வாங்கினால் 2021 முதல் 2023 வரை வந்த வண்டிகளில் ஐ.எம்.டி. என்று ஒன்று இருக்கும், கிளட்ச் பெடல் இல்லாமல் கியரை மட்டும் நாம் மாற்றுவது. துறைமுகத்தில் தினம் கிளட்ச் மிதிக்கிற உங்களுக்கு அது உப்பில்லாமல் இருக்கும் என்பது என் ஊகம்.

வெர்னா டர்போவைப் பற்றியும் கேட்கத் தோன்றும். 2023-இல் வந்தது, 160 பி.எஸ்., கூரை சரிகிற அழகில் நான்கு கதவு கூபே என்றே சொல்லலாம். உண்மையில் டிபுரானின் வாரிசு யார் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். புதிதாக உங்கள் 12 லட்சத்துக்குள் வராது. இரண்டு மூன்று வருடம் ஓடியதைத் தேடலாம், தாழ்வான இருக்கையில் அம்மா உட்கார்ந்து எழ முடிகிறதா என்று பார்த்துவிட்டு. 2024-இல் வந்த சிட்ரோயன் பஸால்ட் பக்கத்துத் திருவள்ளூர் ஆலையில் செய்வது, எஸ்.யு.வி. கூபே என்று பெயர். குடும்பத்துக்கு நல்ல கார், பின்சீட் தாராளம். உங்கள் கடிதத்தில் இருக்கிற ஆசைக்கு அது மருந்தாகாது.

பழைய கார் வாங்குவதானால், நம் பக்கத்து வண்டியை வாங்கும்போது பார்க்க வேண்டிய சில இடங்கள் உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ரோடுதான். உப்புக் காற்று காருக்குள் மெதுவாக வேலை செய்யும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அது இருந்த குழியைத் தடவிப் பாருங்கள், ஓரத்தில் தகடு பொருந்தும் இடம் சொரசொரப்பாக இருந்தால் உள்ளே ஈரம் நின்றிருக்கிறது. கதவைத் திறந்து கீழ்ப்படி ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். முன்பக்கம் குனிந்து டார்ச் அடித்து ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய தகடுகளை நகத்தால் தொடுங்கள், தூளாக உதிர்ந்தால் கேஸ் கசியும் நாள் தூரத்தில் இல்லை. பின் டிஸ்க் பிரேக் உள்ள காரில் காலிப்பர் பின்கள் உப்பில் இறுகிக்கொள்ளும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டுங்கள், ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புதுக் கார் என்றால் முதல் மழைக்கு முன் அடியில் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்துவிடுங்கள். ஷோரூமில் பாலிஷ், செராமிக் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், அந்தக் காசைக் கீழே செலவு செய்யுங்கள். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போனதில் ராயபுரத்துக்காரர்களின் கார்கள் கொஞ்சம் வெளுத்தன. உங்கள் பக்கம் அந்தக் கரித்தூளும் அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து விழுகின்றன. காலையில் எழுந்து காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயிண்ட் மங்கிவிடும். முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டு அப்புறம் துடையுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். அன்று உங்கள் வாசலில் ஒரு டிபுரான் நின்றிருந்தால் கதை முடிந்தது, தாழ்வான காருக்கு வட சென்னை மழைக்காலம் ஆகாது. எந்தக் காரானாலும் சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்கப் பார்க்கும், அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். டர்போ எஞ்சினில் இந்த வேலைக்கு ஆகும் பில் உங்கள் பட்ஜெட்டில் பெரிய பங்கைத் தின்றுவிடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு டோவிங் வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பகுதியை ஏஜென்ட் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இது இல்லாத பாலிசியில் தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

கடைசியாக, மூன்றாவது கியர். அதற்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை நினைக்காதீர்கள், ராத்திரி பைக் ரேஸ் விட்டு அங்கே போன உயிர்கள் போதும். உங்கள் பக்கத்துச் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்த காலம் ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறகு தனி டிராக் கட்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது, ஹூண்டாய் ஆலைக்குப் பக்கத்திலேயே. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாட்களில் சொந்தக் காரோடு போய் ஓட்ட அங்கே டிராக் டே வைக்கிறார்கள். கட்டணம் கட்டி, ஹெல்மெட் போட்டு, பிரேக் ஆயிலை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு போங்கள். சாதா மோட்டார் பாலிசி டிராக்கில் நடக்கும் சேதத்துக்குச் செல்லாது. அதனால் முதல் தடவை யாரையும் ஓவர்டேக் செய்யப் பார்க்காமல், பயிற்சியாளர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். இ.எம்.ஐ. முடிகிற வரைக்குமாவது இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்.